தொழிலாளர் நலனின் முன்னோடி இராபர்ட் ஓவன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஒரு தொழிற்சாலையில் எந்திரம் ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் உடனே ஆள் ஓடி வருகிறார். எண்ணெய் இடுகிறார், தேய்ந்த உறுப்பை மாற்றுகிறார், அழுக்கைத் துடைத்து மீண்டும் ஓட வைக்கிறார். அந்த எந்திரத்தை இயக்கும் மனிதன் களைத்து விழுந்தால், நோயுற்றால், மனம் நொந்தால் யார் ஓடி வருவார்? உயிரற்ற எந்திரத்திற்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் உயிருள்ள மனிதனுக்குக் காட்டினால் என்ன என்று 1813-ஆம் ஆண்டிலேயே ஆலை முதலாளிகளைப் பார்த்து எழுத்தில் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரும் ஓர் ஆலை முதலாளியே என்பதுதான் வியப்பு. அவர் பெயர் இராபர்ட் ஓவன்.

இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி தருவது, ஊதியம், விடுப்பு, வருங்கால வைப்புநிதி ஆகியவற்றைக் கவனிப்பது, குறை கேட்பது ஆகியவை அதன் பணிகள். பணியாளர் நிருவாகத்தின் தந்தை என்று பாடநூல்கள் பலவும் ஓவனையே குறிப்பிடுகின்றன. அவர் வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரப் போகிறோம். சிலர் பிறரை வேலை வாங்கும் இடத்திலும் அமரப் போகிறோம். இரு சாராருக்கும் இவர் வாழ்க்கையில் பாடம் உண்டு.

இளமைப் பருவம்

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்னும் சிற்றூரில் 1771-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் ஓவன் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். இரும்புச் சாமான்களும் விற்றார். ஊரின் அஞ்சல் பணியையும் பார்த்தார். ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாமவர். ஒரு நாள் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக் கொண்டார். அன்று முதல் வாழ்நாள் முழுவதும் உணவில் கட்டுப்பாடாக இருக்க வேண்டியதாயிற்று. எதையும் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் அதனால்தான் தமக்கு வந்தது என்று அவரே கருதினார்.

ஏழு வயதிலேயே பள்ளியில் சட்டாம்பிள்ளையாகிச் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது, பத்து வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பத்து வயதில் தனியாக இலண்டனுக்குச் சென்று, அங்கே சேணம் தைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் சேர்ந்தார். பிறகு ஸ்டாம்ஃபோர்டு என்னும் ஊரில் மெக்கஃபோக் என்ற துணி வணிகரிடம் தொழில் பழகினார். அந்த வணிகர் நல்லவர். வீட்டில் நூல்கள் வைத்திருந்தார். சிறுவன் ஓவன் நாள்தோறும் அவற்றைப் படித்தான். கல்லூரி வாயிலை மிதிக்காத ஓவனுக்கு அந்த அலமாரியே கல்லூரியாயிற்று எனலாம்.

அடுத்து இலண்டன் பாலத்தின் அருகே இருந்த ஒரு துணிக்கடையில் வேலை. காலை முதல் நள்ளிரவைத் தாண்டியும் நின்றுகொண்டே உழைக்க வேண்டும். கால் கடுக்க நின்ற அந்த நாள்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் வேலை நேரத்தைக் குறைக்கப் பாடுபட்டவர், நீண்ட வேலை நேரத்தின் துன்பத்தைத் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இருபது வயதில் மேலாளர்

பருத்தித் தொழில் பொங்கி எழுந்த காலம் அது. ஓவன் மான்செஸ்டர் நகருக்கு வந்தார். அண்ணனிடம் நூறு பவுன் கடன் வாங்கி, ஒரு கைவினைஞருடன் கூட்டுச் சேர்ந்து நூற்பு எந்திரம் செய்யும் தொழில் தொடங்கினார். பின் தனியே பிரிந்து மூன்று எந்திரங்களை வைத்து நூல் நூற்று விற்றார்.

அப்போது டிரிங்க்வாட்டர் என்ற ஆலை முதலாளி தம் நூற்பாலைக்கு மேலாளர் தேவை என்று விளம்பரம் செய்தார். இருபது வயது இளைஞன் ஓவன் போய் நின்று, ஆண்டுக்கு முந்நூறு பவுன் சம்பளம் கேட்டார். வந்தவர்களில் ஒருவரும் அவ்வளவு கேட்கவில்லை. முதலாளி திகைத்தார். தம் சொந்தத் தொழிலில் அந்த அளவுக்கு வருமானம் வருகிறது என்று கணக்கேட்டைக் காட்டினார் ஓவன். வேலை கிடைத்தது.

என் வயதும் இருபதுதான். ஆகவே இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். ஐந்நூறு தொழிலாளர் உள்ள ஆலை, பழைய மேலாளர் போய்விட்டார், கற்றுத்தர ஆளில்லை. இந்நிலையில் ஓவன் என்ன செய்தார் தெரியுமா? முதல் ஆறு வாரங்கள் எவருக்கும் கட்டளை இடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து, இரவில் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டிச் சென்றார். இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவர் வேலையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டவர்களுக்கு ஆம், இல்லை என்ற அளவில் மட்டுமே விடை சொன்னார். ஆறு வாரம் கழிந்த பின்புதான் மாற்றங்களைத் தொடங்கினார். ஆறே மாதங்களில் ஆலையில் ஒழுங்கும் வந்தது; நூலின் தரமும் உயர்ந்தது.

நியூ லனார்க்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றின் அருவிகளுக்கு அருகே டேவிட் டேல் என்பவர் 1785-ஆம் ஆண்டளவில் நிறுவிய ஆலையூர் நியூ லனார்க். ஆற்று நீரின் வேகமே எந்திரங்களை ஓட்டியது. 1799-ஆம் ஆண்டு ஓவனும் அவருடைய கூட்டாளிகளும் அதை 60,000 பவுனுக்கு வாங்கினர். அதே ஆண்டு டேலின் மகள் கரோலினை ஓவன் மணந்தார். 1800-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நிருவாகப் பொறுப்பை ஏற்றார்.

ஊரில் ஏறத்தாழ இரண்டாயிரம் மக்கள். அவர்களுள் சுமார் ஐந்நூறு பேர் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர். டேல் இரக்கமுள்ளவர், அப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் தந்தார். ஆயினும் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் காலை முதல் இரவுவரை உழைத்த பின் எந்தப் பாடம் மண்டையில் ஏறும்? பெரியவர்களிடையே குடியும் களவும் மிகுந்திருந்தன.

புதிய மேலாளரைத் தொழிலாளர்கள் நம்பவில்லை. அவர் வேற்று நாட்டவர், பேச்சும் வேறு. புதிதாக வந்தவன் நம்மைப் பிழியத்தான் வந்திருக்கிறான் என்று எண்ணினர். ஓவன் அவர்களைக் குறை கூறவில்லை. சூழ்நிலையே மனிதனின் குணத்தை உருவாக்குகிறது, ஆகவே திருத்த வேண்டியது சூழ்நிலையையே என்பது அவருடைய கொள்கை. களவு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், களவு எளிதில் நடவாதபடி கணக்கு முறையைச் சீர்படுத்தினார். தொழிலாளர்களுள் செல்வாக்குள்ளவர்களை அழைத்துத் தம் திட்டங்களைப் பொறுமையாக விளக்கினார்.

அனாதைச் சிறுவர்களை ஆலைக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேலை இல்லை என்றார். தெருக்களைத் துப்புரவாக்கினார், வீடுகளைச் சீர்செய்தார். கடன் சொல்லி மட்டமான பொருள்களை அதிக விலைக்கு விற்றுவந்த கடைகளுக்கு மாற்றாக, நல்ல சரக்கை மொத்தமாக ரொக்கத்திற்கு வாங்கி, அடக்க விலைக்குச் சற்றே கூடுதலாக விற்கும் ஆலைக்கடையைத் திறந்தார். அதில் வந்த ஆதாயம் பள்ளிக்குச் சென்றது. ஒவ்வொருவர் கூலியிலும் அறுபதில் ஒரு பங்கு நோயுற்றோர் நிதியில் சேர்ந்தது. நோயிலும் முதுமையிலும் அது கைகொடுத்தது. பதினான்கு மணி நேரம்வரை நீண்டிருந்த வேலை நாளைப் படிப்படியாகக் குறைத்து, 1816-ஆம் ஆண்டில் உணவு வேளை நீங்கலாகப் பத்தே முக்கால் மணி நேரமாக்கினார். ஆலையோ நட்டமடையவில்லை, நல்ல லாபம் ஈட்டியது.

நான்கு நிறக் கட்டை

அடிப்பதும் வைவதும் அக்கால ஆலைகளின் அன்றாட நடைமுறை. ஓவன் அதைத் தடை செய்தார். அதற்குப் பதிலாக ஒரு புதுமையைப் புகுத்தினார். நான்கு பக்கங்கள் கொண்ட சிறு மரக்கட்டை ஒன்று ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கும். ஒரு பக்கம் கறுப்பு, மற்றவை நீலம், மஞ்சள், வெள்ளை. முந்தைய நாள் வேலை மோசம் என்றால் கறுப்பு முன்னே திரும்பியிருக்கும். சுமார் என்றால் நீலம். நன்று என்றால் மஞ்சள். மிக நன்று என்றால் வெள்ளை. ஓவன் நடந்து செல்லும்போது கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். முதலில் கறுப்பு மிகுந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளும் வெள்ளையும் மிகுந்தன.

இம்முறையில் நான் முக்கியமாகக் கருதுவது நிறத்தை அன்று. மேற்பார்வையாளர் இட்ட நிறம் நியாயமில்லை என்று தோன்றினால், எந்தத் தொழிலாளியும் நேரே ஓவனிடம் வந்து முறையிடலாம். பதிவேட்டில் ஏறும் முன்பே அவர் விசாரிப்பார். குறை கேட்கும் அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் மரக்கட்டை அடக்குமுறைக் கருவியாக மாறாமல் நின்றது. இன்றைய நிறுவனங்களிலும் மதிப்பெண் உண்டு, தரவரிசை உண்டு. மதிப்பெண் தவறானால் போய் முறையிட ஓர் இடம் உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு மாதக் கூலி

ஓவன் மீது மக்களுக்கு நம்பிக்கை பிறந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவர் பொறுப்பேற்ற முதற் பத்தாண்டுக்குள், பிரிட்டனுடன் ஏற்பட்ட பூசலால் அமெரிக்கா தன் கப்பல்கள் சரக்கேற்றிச் செல்வதைத் தடை செய்தது. பஞ்சு விலை வானளாவ உயர்ந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன; தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். ஓவனும் எந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் நீக்கவில்லை. எந்திரங்களைத் துடைத்துச் சீராக வைத்திருப்பதே வேலை என்று சொல்லி, நான்கு மாதங்களுக்கும் முழுக் கூலி கொடுத்தார். அதற்கு ஆன செலவு ஏழாயிரம் பவுனுக்கும் மேல். ஆறேழு ஆண்டுகளாக நல்ல சொற்களால் பெற முடியாத நம்பிக்கையை அந்த நான்கு மாதம் பெற்றுத் தந்தது.

இதைப் படித்தபோது எனக்கு 2020-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. என் அம்மா ஒரு நூற்பாலையில் அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்க்கிறார். அவ்வாண்டு பொதுமுடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. முதல் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. அதன் பின் ஆலை திறக்கும்வரை ஒன்றும் வரவில்லை. வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. அதனால் பட்டினி இல்லை. ஆனால் அம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் என் பள்ளிச் செலவைச் சமாளித்தார். ஆலை மீண்டும் திறந்தபோது, புதிதாக வந்திருந்த மனிதவள அலுவலர் அம்மையார் ஒருவர், வருங்கால வைப்புநிதியிலிருந்து முன்பணம் பெறலாம் என்பதைத் தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தாமே படிவம் நிரப்பிக் கொடுத்தார். தோடு மீண்டது அந்தப் பணத்தால்தான். அது அம்மாவின் சொந்தச் சேமிப்புதான். யாரும் தந்த கொடை அன்று. ஆயினும் அப்படியொரு வழி இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. மனிதவளத் துறை என்றால் என்ன என்பதை நான் பாடநூலில் படிக்கும் முன்பே அந்தப் படிவத்தில் கண்டுகொண்டேன்.

பள்ளிக்கூடமும் பாராளுமன்றமும்

ஓவன் நலப்பணிகளுக்குச் செலவிடுவதைக் கூட்டாளிகள் விரும்பவில்லை. 1813-ஆம் ஆண்டின் இறுதியில் ஆலை ஏலத்திற்கு வந்தது. அதன் மதிப்பு நாற்பதாயிரம் பவுன்தான் என்று கூட்டாளிகள் பேச்சைப் பரப்பியிருந்தனர். ஓவனோ, தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் உள்ளிட்ட புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1,14,100 பவுனுக்கு ஏலம் எடுத்தார். முதலுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடுப்பதில்லை, மிச்சம் மக்கள் நலனுக்கே என்பது புதிய உடன்பாடு. அவர் ஊர் திரும்பியபோது மக்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்து வந்தனர்.

1816-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஒரு கல்வி நிலையத்தைத் திறந்தார். அதில் நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் பள்ளி இருந்தது. பிரிட்டனின் முதல் குழந்தைப் பள்ளி அதுவே என்பர். அடி இல்லை, திட்டு இல்லை, ஆடலும் பாடலும் உண்டு. தாய்மார் கவலையின்றி வேலைக்குச் சென்றனர். மாலையில் அதே கட்டடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. 1815 முதல் 1825 வரை ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நியூ லனார்க்கைப் பார்த்து வருகையேட்டில் ஒப்பமிட்டனர்.

தம் ஆலையில் மட்டும் சீர்திருத்தம் போதாது என்று உணர்ந்த ஓவன், சட்டம் வேண்டும் என்று பாராளுமன்றத்தை நாடினார். பத்து வயதுக்குக் கீழ் வேலை கூடாது, நாளுக்குப் பத்தரை மணி நேரமே வேலை, மேற்பார்க்க ஆய்வாளர்கள் வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். 1819-இல் வந்த சட்டமோ பருத்தி ஆலைகளுக்கு மட்டுமே; வயது ஒன்பது; பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பன்னிரண்டு மணி நேரம்; ஆய்வாளர் எவரும் இல்லை. ஓவன் மனம் கசந்தார். ஆய்வாளர்கள் வந்தது 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

தோல்விகளும் குறைகளும்

1825-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் சுமார் இருபதாயிரம் ஏக்கர் நிலத்துடன் ஓர் ஊரை விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்று பெயரிட்டுப் பொதுவுடைமைக் குடியிருப்பு அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் அது குலைந்தது. அவருடைய செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்தது. பணத்திற்குப் பதிலாக உழைத்த நேரத்தைக் குறிக்கும் சீட்டுகளால் பண்டமாற்று நடத்தும் நிலையத்தை 1832-இல் தொடங்கினார், அதுவும் நிலைக்கவில்லை. 1834-இல் பெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டே அது சிதறியது. ஆனால் அவர் கருத்துகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிலர் 1844-இல் ராச்டேல் நகரில் தொடங்கிய கூட்டுறவுக் கடை, உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கே முன்மாதிரியாயிற்று. 1858-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே, எண்பத்தேழாம் வயதில் ஓவன் மறைந்தார்.

பெரியோரின் வாழ்க்கையை எழுதும்போது குறையை மறைப்பது முறையன்று. நியூ லனார்க்கில் எல்லாமே ஓவன் எண்ணியபடி நடந்தன. தொழிலாளர்களைக் கலந்து முடிவெடுக்கும் வழக்கம் இல்லை. வீடுகள் துப்புரவாக உள்ளனவா என்று பார்க்கக் குழுக்கள் வீடு வீடாக நுழைந்தன. ஊர்ப் பெண்கள் வெகுண்டு, அவர்களுக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தனர். அந்த ஆலையில் நூற்கப்பட்ட பஞ்சும் கடல் கடந்த தோட்டங்களில் அடிமைகள் பறித்ததே. நலம் செய்கிறேன் என்று வருபவர், நலம் பெறுபவரின் வாயையும் கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கற்பது.

அவருக்குப் பின்

1896-ஆம் ஆண்டு யார்க் நகரிலுள்ள ரவுன்ட்ரீ தொழிற்சாலையில் மேரி வுட் என்ற பெண்மணி தொழிலாளர் நல அலுவலராக அமர்த்தப்பட்டார். 1913-இல் அத்தகைய அலுவலர்கள் ஒரு சங்கம் கண்டனர். இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு முதலாளியின் நல்ல மனத்தில் பிறந்தது, நாட்டின் சட்டத்தில் இடம் பெற்றது. அதுதான் சரி. நல்ல முதலாளி போய்விட்டால் வேறொருவர் வருவார். சட்டம் இருந்தால் அவரும் செய்தாக வேண்டும்.

ஆயினும் சட்டம் அலுவலரை நாற்காலியில் அமர்த்தலாம். அவர் மனத்தைத் திறந்து வைக்க முடியாது. நிருவாகத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிலாளிக்காகப் பேசுவது எளிதன்று. இரு பக்கமும் ஐயுறும் இடம் அது. அந்த இடத்தில் நேர்மையாக நிற்பவரையே தொழிலாளர்கள் தம் ஆளாக ஏற்கிறார்கள்.

நண்பர்களே! நியூ லனார்க் ஆலை 1968-இல் மூடப்பட்டது. 2001-ஆம் ஆண்டு அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எங்கோ ஸ்காட்லாந்தில் உள்ள அவ்வூரை நம்மில் எத்தனை பேர் காணப்போகிறோம்? ஆனால் நாளை நமக்கும் ஒரு வேலை கிடைக்கும். சிலருக்குப் பத்துப் பேரையோ நூறு பேரையோ நடத்தும் பொறுப்பும் கிடைக்கும். அன்று முதல் நாளிலேயே கட்டளை இடத் துடிக்காமல், இருபது வயது ஓவனைப் போல் சில வாரங்களேனும் அவர்கள் வேலையைப் பார்ப்போம். அவர்கள் சொல்வதைக் கேட்போம். படிவம் நிரப்பத் தெரியாத ஒருவர் கதவருகே தயங்கி நின்றால், உள்ளே அழைத்து உட்கார வைப்போம்.